ஏழு கோடுகளும் லெயோந்தீனும்

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிக்கிறவன் நான். பெயர் ஃபிர்மேன். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எலும்பைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் லெயோந்தீன். இருபத்திரண்டு வருஷம் அதே இடம், அதே குச்சி, அதே பேச்சு. எலும்பில் இருக்கும் கோடுகளைக் குச்சியால் காட்டி எண்ணுவாள். ஏழு வந்ததும் ஒரு மூச்சு நிறுத்துவாள். அப்புறம்தான் எட்டு, ஒன்பது. ஆஸ்துமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அது கலைமானின் கால் எலும்பு. என் உள்ளங்கை நீளம் இருக்கும். வெசேர் ஆற்றுக்கு மேலே பாறை ஒதுக்கில் பேராசிரியர் தெல்மாஸ் தோண்டியபோது, 1962 ஜூலையில் கிடைத்தது. ஐம்பதாயிரம் வருஷப் பழசு என்றார். நம் இனத்துக்கு முன்பே இங்கே வாழ்ந்த, புருவம் புடைத்த மனிதர்களின் காலம் அது. அவர்களுக்குத் தின்னவும் தூங்கவும்தான் தெரியும் என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த எலும்பிலோ, கறி அறுத்த தடம் மாதிரி தாறுமாறாக இல்லாமல், ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் கோடுகள். எதையோ மனசில் வைத்துக்கொண்டு ஒரு கை கீறியிருக்கிறது. மொத்தம் ஒன்பது கோடு என்பதால் தெல்மாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். யாரோ ஒரு கர்ப்பிணி மாதத்தை எண்ணியிருக்கிறாள் என்று எழுதிவிட்டார்.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பேக்கரிக்காரன் ஒன்பது கீறல் போட்ட ரொட்டி சுட்டான். ஒயின் பாட்டில்களிலும் ஒன்பது கோடு ஏறியது. மாசமாக இருக்கும் பெண்கள் தூரத்திலிருந்தெல்லாம் வந்து கண்ணாடியைத் தொட்டார்கள்; கும்பிடாத குறைதான். அந்தக் கைரேகைகளைத் துடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

உண்மை என்னவென்று எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது லெயோந்தீனுக்கு இருபத்துநாலு வயது. தோண்டும் இடத்தில் எலும்பு கழுவுகிற வேலை. தெல்மாஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒட்டியிருக்கும் மண்ணை மரச் சில்லால்தான் சுரண்ட வேண்டும், இரும்பு பட்டால் அன்றே வீட்டுக்குப் போகலாம். அன்று சனிக்கிழமை, ஊரில் நடனம். எலும்பின் மேல் சுண்ணாம்பாக இறுகியிருந்த ஓடு மரச் சில்லுக்கு அசையவில்லை. காளான் நறுக்குகிற மடக்குக் கத்தியை எடுத்துவிட்டாள். ஓடு பெயர்ந்தது, ஏழு கோடுகள் தெரிந்தன. கண் அந்தக் கோடுகளிலேயே நிற்க, கத்தி வழுக்கியது. இன்னொரு தரமும் வழுக்கியது. ஏழின் பக்கத்திலேயே, அதே சாய்வில், பால் வெள்ளையாக இரண்டு கீறல்.

தலைக்கு மேலே அக்ரூட் மரம். பச்சை அக்ரூட் தோலின் சாற்றைத்தான் எங்கள் ஊரில் மேசைக்கும் அலமாரிக்கும் பூசுவோம். கையில் பட்டால் வாரக்கணக்கில் கறுப்பு போகாது. ஒரு காயைப் பிளந்து கீறலில் தேய்த்தாள். அங்கே மட்டும் திட்டாகத் தெரிந்ததால் எலும்பு முழுக்கத் தேய்த்தாள். தெல்மாஸ் வந்து எண்ணினார். ஒன்பது. அவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பெரிய மனுஷன் சந்தோஷத்தில் அழுதுவிட்டார்.

கண்டெடுத்த கை என்று சொல்லி அவளையே விளக்கம் சொல்ல வைத்தார்கள். அவர் உயிரோடு இருந்தவரை சொல்லப் பயம். செத்த பிறகு, செத்தவர் முகத்தில் கரி பூசுவதா என்று பயம். தினம் காலையில் தானே கதவைத் திறந்து அந்தப் பொய்க்குள் போய் நிற்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, 1984ல், அன்னிக் என்ற ஆராய்ச்சிக்காரி நுண்ணோக்கியோடு வந்தாள். நாலு நாள் பின்னறையில் எலும்பும் அவளும்தான். அந்த நாலு நாளும் லெயோந்தீன் சாப்பிடவில்லை.

"என்ன, சூப்பு ஆறுது? நான் வச்சதுன்னு பயமா?" என்றேன்.

"நீ வாய மூடிக்கிட்டு டிக்கெட்டக் கிழி."

ஐந்தாம் நாள் மேயரையும் எங்கள் இருவரையும் அன்னிக் கூப்பிட்டாள்.

"ரெண்டு கோடு இரும்புக் கத்தி போட்டது. அதுல சந்தேகமே இல்ல" என்றாள். "மேல செடிச் சாறு பூசியிருக்காங்க. அந்தச் சாறு ஒன்பதுலயும் இறங்கியிருக்கு."

"அப்ப மத்த ஏழு?" என்றார் மேயர்.

"பழசா இருக்கலாம். ஆனா பழைய கோட்டுக்குள்ள பழைய மண்ணு இருக்கணும். இதுல சுரண்டிக் கழுவித் தேச்சுட்டாங்க. ரெண்டப் போட்ட கை மத்ததையும் போடலன்னு நான் எப்படி எழுதுறது?"

லெயோந்தீன் குச்சியை மேசைமேல் வைத்தாள். "ரெண்டு என்னுது. என் கத்தி, என் அக்ரூட். ஏழு என்னுது இல்ல. ஓட்டுக்கு அடியில இருந்துது, என் கண்ணால பாத்தேன்." நடந்த எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மேயர் கத்தினார்: "நல்லா இருக்கும்மா! ஊர் மானத்தையே கப்பலேத்திட்டியே!"

அன்னிக் கத்தவில்லை. "மதாம், இருபத்திரண்டு வருஷம் இதே இடத்துல நின்னு ஒன்பதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு ஏழுன்னு சொல்றீங்க. எந்த லெயோந்தீன் சொன்னத நான் எழுதட்டும்?" என்றாள்.



எலும்பு பின்னறை இழுப்பறைக்குப் போனது, "ஐயத்துக்குரியது" என்ற சீட்டோடு. பேக்கரிக்காரன் பழையபடி சாதா ரொட்டி சுட்டான். லெயோந்தீன் குச்சியை எடுக்கவே இல்லை. சாயங்காலம் பூட்டுகிற நேரத்தில் மட்டும் வந்து இழுப்பறை பக்கத்தில் உட்காருவாள்.

"மாட்டிக்குவேன்னுதான் இத்தன வருஷம் பயந்தேன்" என்றாள் ஒரு நாள். "அந்த எலும்பக் கீறினவ யாரோ. எதையோ நெனச்சு ஏழு கோடு போட்டுருக்கா. ஐம்பதாயிரம் வருஷம் மண்ணு தாங்கிச்சு. நான் தொட்டேன், அவ பேச்சு போச்சு. நீயாவது நம்புறியா, ஃபிர்மேன்?"

"சத்தியமா நம்புறேன். ஏழும் நிஜம்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ ஒன்பதையும் நம்பினவன்தானே" என்றாள்.