வாட்ச்மேன் அறையில் ஒரு கூடை

அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்போம். அங்கே காலையில் உள்ளே போகும்போதே போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். தீப்பொறி பயம். அவர் எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் போட்டுவைப்பார். சாயங்காலம் வெளியே வரும்போது அவரவர் போனைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பகலில் அக்காவைக் கூப்பிடுவது என்றால் அந்தக் கூடையைக் கூப்பிடுவதுதான். தெரிந்தும் நாற்பது தடவைக்கு மேல் கூப்பிட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

விருதுநகரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மிளகாய் வத்தல் தரம் பார்ப்பது என் வேலை. அன்றைக்கும் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தேன். கடைக்காரர் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் கரும்புகைப் படம் ஒன்று. கீழே “தாயில்பட்டி பக்கம்” என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பயராபீஸ் தகரத்தில்தான் விழும். அக்காவுடையதாக ஏன் இருக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கி முடிப்பதற்குள் கம்பெனி பெயரும் வந்துவிட்டது. அக்காவின் கம்பெனிதான்.

வண்டியை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. சாத்தூர் தாண்டும்போது இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். என் தலையில் மிச்சமிருப்பது காதோரம் நாலு முடி. ஆத்தாவையே ஏமாற்றப் பார்க்கிறோமே என்று அடுத்த நிமிடமே பயம் வந்து, மீசையையும் சேர்த்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச தூரம் இருந்திருந்தால் புருவத்தையும் கொடுத்திருப்பேன்.

வழியெல்லாம் வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தேன். கையைக் கழுவாமல் கிளம்பியது அப்போதுதான் உறைத்தது. உறைத்தது கண்ணுக்கும்தான். அரைக் கண்ணால் ரோட்டைப் பார்த்து ஓட்டி, மூக்கு ஒழுக, முகம் வீங்கி, கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒப்பாரி வைத்து முடித்தவன் மாதிரி இருந்திருக்கிறேன்.

கூட்டம் தானாக விலகியது. “உடன்பொறந்தவரு போலருக்கு, வழி விடுங்கய்யா” என்று யாரோ சத்தம் கொடுத்தார்கள். ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள். ஒரு மைக் வாய்க்கு நேரே வந்தது. மைக்கைக் கண்டால் விடாதவன் நான். அன்றைக்கு “அக்கா” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. போலீஸ்காரர் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, “போங்கண்ணே” என்றார்.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். அச்சாபீஸிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், விரலெல்லாம் மை. அவரும் குனிந்து நுழையப் பார்த்தார்.

“யோவ், வேடிக்கை பாக்கவா வந்த? தள்ளி நில்லு” என்றார் அதே போலீஸ்காரர்.

“என் பொண்டாட்டி உள்ள இருக்கா” என்று அவர் சொன்னார். கடையில் சாமான் கேட்பது போலச் சொன்னார். அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் நிற்கவில்லை.

வாட்ச்மேன் அறைக்கு வெளியே, தரையில் உட்கார்ந்து, உள்ளங்காலில் தைத்த முள்ளை ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தாள் அக்கா. வெடிச் சத்தம் கேட்டதும் லேபிள் ஒட்டும் அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் பின்வேலியைத் தாண்டி, வேலிக்கருவைக்குள் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்கள். இப்போதுதான் திரும்பி வந்தார்களாம்.

“ஏலே, எதுக்கு இப்பிடி அழுற? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“மொளகா, அக்கா.”

“கையக் களுவிட்டு எங்கயும் போன்னு எம்புட்டு வாட்டி சொல்லிருக்கேன், கூறுகெட்டவனே!”

திட்டினாள். திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்தாள். பிடித்ததை விடவில்லை. நான் சிரித்தேன். எவ்வளவு கேவலமாகச் சிரித்திருப்பேன் என்பது, சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதன் பிறகுதான் கயிற்றுக்கு வெளியே நின்றவர் ஞாபகம் வந்தது. போலீஸ்காரரிடம் போய், “அவரும் நம்மாளுதான் சார், விடுங்க” என்றேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் விட்டார்.

வாட்ச்மேன் அறைக்குள் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த உடனே வீட்டுக்குப் பேசி, உடைந்து அழுதார்கள். கூடை குறைந்துகொண்டே வந்தது. அக்காவும் எடுத்தாள்.

“நாப்பத்தோரு மிஸ்டு காலா! நெசமாவே செத்திருந்தாலும் இந்தத் தொல்லைக்கு எந்திரிச்சு வந்து எடுத்திருப்பேன்லே” என்றாள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள், என் பின்னால் வந்தவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவர் மனைவி வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தவள் என்று என் காதோரம் சொன்னாள். அந்த அறைதான் வெடித்திருந்தது. அது அவருக்கு இன்னும் தெரியாது.

கூடையில் மூன்று போன்கள் மிச்சம் இருந்தன.

அவர் தன் போனை எடுத்து அழைத்தார். சிவப்பு உறை போட்ட ஒன்று கூடைக்குள் அதிர்ந்து, மெல்ல நகர்ந்து, இன்னொன்றின் மேல் முட்டி நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே துண்டித்தார்.

வாட்ச்மேன் அதை எடுத்து நீட்டினார். “நீங்க வச்சுக்கங்க தம்பி.”

“வேணாம் அண்ணாச்சி. அங்கனயே கெடக்கட்டும். வந்து தேடுவால்ல?” என்றார். கொஞ்சம் யோசித்து, “இனிமே நான் அடிக்கல. அடிச்சு அடிச்சு சார்ஜ் எறங்கிருச்சுன்னா, அவ வந்து எப்படிப் பேசுவா?” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒங்க ஆளு கெடச்சிட்டாகளா அண்ணாச்சி?”

அக்கா பின்னாலிருந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். நான் எதையாவது சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.