அக்கா கட்சியின் ஒரே உறுப்பினர்

மார்ச் 5, இருபது ரூபாய்.
மார்ச் 21, இருபது ரூபாய்.
ஏப்ரல் 9, ஐம்பது ரூபாய்.
மே 14, இருபது ரூபாய்.
ஜூன் 26, நூறு ரூபாய்.

இவை மயிலாத்தாள் இந்த ஆண்டு பந்தயத்தில் தோற்ற தொகைகள். பந்தயம் எப்போதும் ஒன்றுதான். 'நிலவொளி நிவாஸ்' தொடரில் வரும் அக்கா ராஜேஸ்வரி, தங்கை யாழினிக்கு இன்றைக்கு எந்தக் கெடுதலும் செய்யமாட்டாள் என்று அவர் சொல்வார். ராஜேஸ்வரி செய்துவிடுவாள். மயிலாத்தாள் கல்லாவைத் திறந்து, நோட்டில் ஒட்டியிருக்கும் மிளகாய்த்தூளை ஊதிவிட்டுக் கொடுப்பார். ஜூன் மாதத்து நூறு ரூபாயை அவர் ஊதியதில் ஜெயித்தவர் கண் எரிந்து, குழாயடியில் வெகுநேரம் நின்றார். பந்தயத்தில் ஜெயித்து அழுதவர் அவர் ஒருவர்தான்.

சிங்காநல்லூரில் அவருடைய மாவு மில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது கட்டடம். அறுபத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, உரத்த குரல்; இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால், இயந்திரம் நின்ற பிறகும் அதே குரலில்தான் ரகசியம் சொல்வார். தொடரின் மறுஒளிபரப்பு மதியம் இரண்டரைக்கு. அதற்குச் சற்று முன் கையை மட்டும் உயர்த்துவார். கணவர் ஆறுச்சாமி சுவிட்சை இறக்கிவிடுவார். பாதி அரைபட்ட கோதுமை, இயந்திரத்தின் வாயில் அப்படியே காத்திருக்கும். தூக்குப்போசியில் தானியம் கொண்டு வந்தவர்களும் காத்திருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போனவர்கள் உண்டு. ராஜேஸ்வரி என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்ள அடுத்த நாளே திரும்பி வந்தவர்களும் அவர்கள்தான்.

மில் டிவியின் திரையில் எந்நேரமும் மாவு படிந்திருப்பதால், தொடரின் குடும்பத்தில் எல்லோருக்கும் முகத்தில் பவுடர் அப்பியது போல இருக்கும். அதன் வழியாகத்தான் மயிலாத்தாள் மனிதர்களின் மனதைப் படிக்கிறார். மில்லில் கூடுகிற அத்தனை பேரும் தங்கச்சி கட்சி. அக்கா கட்சியில் இருப்பது அவர் மட்டுமே. ஆறுச்சாமிக்குக் கட்சி கிடையாது. இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்ட அவருக்குத் தொடரில் வரும் வீட்டு நாயின் மேல்தான் அக்கறை.

பக்கத்து வீட்டு பிரீத்திகா கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். தங்கச்சி கட்சிக்கு அவள்தான் வக்கீல்.

"பெரிம்மா, பால்ல தூக்க மாத்திரை கலந்து குடுத்தாளே, அது?"

"புள்ளைக்கு ரெண்டு வாரமாத் தூக்கமே இல்ல கண்ணு. கண்ணு செவந்து கெடந்தத நீ பாக்கலியா?"

"கெணத்துல தள்ளி உட்டாளே?"

"நீச்சல் தெரியோணுமில்ல பொம்பளப் புள்ளைக்கு."

"கெணத்துல தண்ணியே இல்லீங்களே."

"அதனாலதா காலோட போச்சு. தண்ணி இருந்திருந்தா என்னாயிருக்கும்னு நெனச்சுப் பாத்தியா அம்மணி?"

ஒருநாள் பிரீத்திகா பொறுமையிழந்து, "இதுக்குப் பேரு டாக்ஸிக் பெரிம்மா. விஷம் மாதிரி" என்றாள்.

"விஷம் வெச்சது போன மாசம் கீரைல. அது வேற கணக்கு. ரெண்டையும் கொழப்பாத."

அவருடைய ஆராய்ச்சிக்கு ஒரு முறை உண்டு. முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். யாழினியை ஸ்டோர் ரூமில் தள்ளிப் பூட்டிய அன்று மில்லே கொதித்துப்போயிருக்க, மயிலாத்தாள் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்: "ரூமுல போட்டுப் பூட்டறவ எதுக்குங்க ஃபேன் சுச்சப் போட்டுட்டுப் போறா? வேத்துப்போகுமேங்கற நெனப்புத்தான?" எல்லோரும் திரையில் ஃபேனைத் தேடினார்கள். ஆறுச்சாமி மட்டும், நாய்க்குச் சோறு வைத்தார்களா என்று கேட்டார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் தொடருக்குள் இல்லை, உடுமலைப்பேட்டையில் இருக்கிறது. தங்கை தெய்வாத்தாள் அங்கே வாழ்க்கைப்பட்டுத் தேங்காய் மண்டி நடத்துகிறார். தெய்வாத்தாளுக்கு முதலில் வந்தது பெருந்துறை மாப்பிள்ளை. வீடு பார்த்து வந்த மயிலாத்தாளுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. பாத்ரூம் ரோட்டைத் தாண்டி அக்கட்ட இருந்தது, போய்வர இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது, மாப்பிள்ளையின் மூக்கும் சரியில்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ற தங்கச்சி தூக்கத்துல எந்திரிச்சு நடப்பாளுங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் அன்றோடு வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெய்வாத்தாளுக்கு முப்பத்தோரு ஆண்டுகள் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காதுகுத்துப் பந்தியில், அதே பெருந்துறைக்காரர் பக்கத்து இலைக்காரரிடம் அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள், பாயசம் வரும் முன்பே இலையை மூடிவிட்டு எழுந்தார். அக்காவோடு அன்று நின்ற பேச்சுத்தான்.

நேரில் நின்றதே தவிர, வேறு வழியில் நடந்துகொண்டிருந்தது. தொடரின் ரசிகர்களுக்கு 'நிலவொளி உறவுகள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அக்கா, தங்கை இரண்டு பேரும் அதில் உறுப்பினர்கள். தொடர் முடிந்ததும் உடுமலையிலிருந்து குரல் வரும்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. சிங்காநல்லூர்ல ஒருத்தரு அந்த ராசேசுவரிக்குக் கோயில் கட்டோணும்ங்கற மாதிரிப் பேசறாங்களாமா. அவீங்களுக்குத் தங்கச்சி இருந்தா அது பாவம்னு சொல்லிப்போடுங்க."

மயிலாத்தாள் பிரீத்திகாவை அழைத்துப் பதில் எழுதச் சொல்வார். "எழுது கண்ணு. தேங்கா யாவாரம் பண்றவீங்க ஓட்ட மட்டும் பாத்துப்போட்டுப் பேசப்படாது, உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கோணும். எழுதிட்டியா? கீழ ஒரு கும்புடு போட்டுரு. மரியாத கொறையக் கூடாது."

இந்த நிலையில்தான் தெய்வாத்தாளின் ஒரே மகன் மதன்குமாருக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. இந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனோடு நின்று இணைச்சீர் என்ற சடங்கைச் செய்ய வேண்டும். மதன்குமாருக்கு உடன்பிறந்தவள் இல்லை. அப்படியானால் பெரியம்மா மகள் நிற்கலாம். மயிலாத்தாளின் மகள் கீதா அதற்காகவே பிறந்தவள் போல இருக்கிறாள். ஆனால் கூப்பிட வேண்டுமே. உறவுக்காரர்களுக்கு அழைப்பிதழை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, வீட்டுக்கு வந்து கையில் கொடுப்பதுதான் வழக்கம். தபாலில் அனுப்புவது, வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்பவர்களுக்கு.

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்கென்னுங்க" என்று மயிலாத்தாள் மில் முழுவதும் கேட்கும்படி சொன்னார். சொன்ன வாரமே நான்கு புது டம்ளரும், விருந்தாளி உட்கார ஒரு நீல நிற நாற்காலியும் வாங்கினார். அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. நான் ஒருமுறை உட்காரப் போனேன். "அண்ணா, அது காலு ஆடுமுங்க" என்றார். ஆடவில்லை.

ஆடியில் ஒரு மதியம், ராஜேஸ்வரி ஹோட்டல் வரவேற்பறையில் யாழினியைப் பெண் பார்க்க வந்த பெங்களூர் மாப்பிள்ளையின் தாயைத் தனியே அழைத்துப் போனாள். குரலைத் தாழ்த்தி, "யாழினிக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கிற பழக்கம் இருக்கு" என்றாள்.

பெருந்துறைக் கதை தெரிந்தவர்கள் தங்கள் தூக்குப்போசிக்குள் எதையோ தேடினார்கள். கதை தெரியாத பிரீத்திகா, "பெரிம்மா, இதுக்கு என்ன சொல்றீங்க? இப்பக் கையப் பாருங்க, காதுக்கிட்ட வெச்சுட்டுப் பேசறா" என்று சிரித்தாள்.

மயிலாத்தாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு விளம்பரம் வந்தது. அதையும் பார்த்தார்.

"இன்னிக்கு அந்த நாயி வரலீங்களா?" என்றார் ஆறுச்சாமி.

"சித்த சும்மா இருங்க" என்றார் மயிலாத்தாள். பிறகு, "போனக் குடு கண்ணு. நீ எழுத வேண்டாம். நானே பேசறேன்."

முதல் தடவை பொத்தானைச் சரியாக அழுத்தாததால் எதுவும் பதியவில்லை. இரண்டாம் தடவை ஆறுச்சாமியின் இருமல் மட்டும் குழுவுக்குப் போனது. அதற்கு ஏழு பேர் கைகூப்பினார்கள். மூன்றாம் தடவை அவருடைய குரல் போனது. முதன்முறையாக அது தணிந்த குரலாக இருந்தது.

"சிங்காநல்லூர்ல இருந்து பேசறனுங்க. இன்னிக்கு அந்த அக்கா பண்ணுனது தப்புத்தானுங்க. தங்கச்சி தூரமாப் போயிருவாளேன்னு பண்ணீட்டா. பாசத்துல பண்ணுனேன்னு சொல்லிப்போட்டா, அவளுக்கு நோகாம இருக்குமுங்களா? அவ வாழ்க்கய அவகிட்டக் கேக்காமயே முடிவு பண்ணிப்போட்டா. தப்புத்தானுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியவில்லை. "இருந்தாலும் அந்தப் பெருந்துறைப் பையனுக்கு மூக்கு செரியில்லீங்க."

குழு குழம்பிவிட்டது. யாழினியின் மாப்பிள்ளை பெங்களூர்தானே, பெருந்துறையில் யார் இருக்கிறார்கள், புதிதாக ஒரு கதாபாத்திரம் வருகிறதா, சிங்காநல்லூர் அக்காவுக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று கேள்வி மேல் கேள்வி. தயாரிப்பாளர் வீட்டுக்கு மாவு அரைத்துக் கொடுப்பவர் இவர்தான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மாலையில் உடுமலைக் குரல் வந்தது. வழக்கமான வணக்கம் இல்லை.

"அந்தப் பெருந்துறை மாப்பிள்ளைக்கு மூக்கெல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. இப்ப வயிறுதா செரியில்ல."

அவ்வளவுதான். மயிலாத்தாள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். சிரித்தாளா, இல்லையா என்று மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். சிரிப்பு போலத்தான் இருக்கிறது என்றேன் நான். ஏப்பம் என்றார் ஆறுச்சாமி.

ஆவணி முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் உடுமலைக் கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. மயிலாத்தாள் நாற்காலியைத் துடைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். தெருக்கோடியில் இருந்த இரண்டு பங்காளி வீடுகளுக்குத் தட்டோடு போய் அழைப்பு வைத்துவிட்டு, கார் மில்லைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை. கண்ணாடிக்குள் தெய்வாத்தாள் நேராகப் பார்த்தபடி இருந்தார். அன்று மதியம் மறுஒளிபரப்பு இல்லை. இருந்திருந்தாலும் மயிலாத்தாள் பார்த்திருக்கமாட்டார். திங்கட்கிழமை இருந்தது, அவர் பார்க்கவில்லை. இயந்திரம் இரண்டரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ராஜேஸ்வரி யாழினியின் கல்லூரிச் சான்றிதழ்களை அடுப்பில் போட்டாள் என்று பிரீத்திகா கத்திச் சொன்னபோது, "போடட்டும் கண்ணு" என்றார்.

மறுநாள் தபால்காரர் ஒரு கவரை நீட்டினார். உள்ளே அழைப்பிதழ். பின்பக்கம் பேனாவில், குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது. மயிலாத்தாளுக்குக் கண்ணாடி அகப்படவில்லை. பிரீத்திகாதான் படித்தாள்.

"கீதாவ இணைச்சீருக்கு ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிப்போடு. நீ முகூர்த்தத்துக்கு வந்தாப் போதும். ராத்திரி இங்கயே தங்கறதுன்னா முன்கூட்டிச் சொல்லு. கதவப் பூட்டோணும். நா தூக்கத்துல நடப்பேன்."

படித்து முடித்த பிரீத்திகாவுக்கு பெருந்துறைக் கதை ஒருவழியாகப் புரிந்தது. கட்சியை அவள் விடவில்லை. "இருந்தாலும் பெரிம்மா, ஊடு தாண்டிப் போயிட்டுத் தபால்ல அனுப்பறது மரியாதையா?"

"கவரப் பாரு கண்ணு."

"பாத்தேன்."

"பின்கோடு எழுதியிருக்குதா?"

"எழுதியிருக்குது."

"செரியா இருக்குதா?"

"செரியாத்தான் இருக்குது."

"வந்து சேரக்கூடாதுன்னு நெனைக்கறவ எதுக்குக் கண்ணு பின்கோடு எழுதறா?"

பிரீத்திகா பின்கோடின் இலக்கங்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

"முகூர்த்தத்துக்கு வந்தாப் போதுமாமா. நா மூணு நாளைக்கு முந்தியே போயி உக்காந்துக்கறேன். பந்தலு செரியாப் போட்டிருக்காங்களான்னு ஆரு பாக்கறது?" என்றார் மயிலாத்தாள். பிறகு அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் கொடுக்கிற அழைப்பிதழுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். இதில் இல்லை. அன்று காலை அரைத்த மஞ்சளில் ஒரு சிட்டிகை எடுத்தார். உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். ஒரு மூலை, அடுத்த மூலை என்று நான்குக்கும் தானே தடவி, ஈரம் காய ஊதினார். கடிதம் வந்த நாள் ஆகஸ்ட் 19, செவ்வாய், ஆவணி மூன்று.