மேல்தட்டில் இருந்த வெள்ளிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மழையில், நெடுந்தீவில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி ஓடுவதற்குள் உயிர் போய்விடும். கனடாவில் இருக்கும் அக்காதான், ஞாயிற்றுக்கிழமையே மொத்தமாகச் சமைத்து பிரீசரில் வைக்கும் வித்தையைச் சொல்லித் தந்தாள். முதல் தடவை தேங்காய்ப்பால் விட்ட கறி திரைந்து, பார்க்கவே சகிக்கவில்லை. பிறகு பிடிபட்டுவிட்டது. பால் விடாமல் இறக்கி வைத்து, சூடாக்கும்போது புதுப்பால் விடவேண்டும். உருளைக்கிழங்கைக் கிட்டவும் சேர்க்கக் கூடாது. பெட்டிகளை அடுக்கி முடித்ததும் பிரீசரைச் சும்மாவேனும் இன்னொரு முறை திறந்து பார்ப்பேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஆனால் மாமி, அதுதான் என் கணவரின் தாய், அதைத் தொடவே மாட்டார். வெளி அடுப்பில் சின்னச் சட்டி வைத்துத் தனக்கு மட்டும் ஒரு மரக்கறி காய்ச்சுவார். நான் சமைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். பழங்கறி என்று அருவருக்கிறார் போல என்று நானும் கேட்கவில்லை. ஆனாலும் என் சமையலை மாமி ஒரு நாளாவது சாப்பிடவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

அன்று வெள்ளிக்கிழமை. கடல் கொந்தளித்ததால் படகு இல்லை, பாடசாலையும் இல்லை. விடியவே கரண்டும் போய்விட்டது. மத்தியானம் போல என் கணவர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் நாள் தீவைச் சுற்றிப் பார்க்க வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் இறங்குதுறையில் நின்றவர்கள். தாயும் தகப்பனும், இரண்டு சின்னப் பிள்ளைகளும், அவர்களின் அம்மம்மாவும். கடைகள் எல்லாம் பூட்டு. பிள்ளைகளின் முகத்திலேயே பசி தெரிந்தது. வயதான அந்த அம்மாவோ தான் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை, ஒரு தேத்தண்ணி போதும் என்று கூச்சத்தோடு சொன்னார்.

வீட்டில் புதுக் காய்கறி ஒன்றும் இல்லை. மாமியின் வெளி அடுப்பில் மழைத் தண்ணீர் நின்றது. அவரும் அதுவரை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் பிரீசரைத் திறக்கப் போக, பின்னாலேயே குசினிக்குள் வந்தார்.

"பிள்ளை, உந்தக் கறியை அந்த அம்மாவுக்குக் குடுக்க ஏலாது. எல்லாம் மச்சச் சட்டியில சமைச்சதெல்லோ."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் ஒதுங்கியது பழங்கறி என்பதற்காக இல்லை. மீனும் இறைச்சியும் சமைத்த சட்டியிலேயே மரக்கறியையும் சமைக்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார்.

"இல்லை மாமி. ஞாயிற்றுக்கிழமை முழுகிப்போட்டு முதல்ல சைவந்தான் சமைக்கிறனான். அதுக்கு வேற சட்டி, வேற அகப்பை. மேல்தட்டில இருக்கிறதெல்லாம் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு."

மாமி மேல்தட்டைப் பார்த்தார். பூசணிக்காய், பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல் எல்லாம் தனியாக இருந்தன. இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லையே மாமி என்றேன். உடனே திருவலையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேங்காய் திருவத் தொடங்கிவிட்டார்.

நல்லவேளை, காஸ் இருந்தது. சோறு அவிந்து இறங்குவதற்குள் கறிகள் சூடாகி, பாலும் விட்டாயிற்று. பரிமாறும் வேலையை மாமி என்னிடம் விடவில்லை. அந்த அம்மா முதல் கவளத்திலேயே, யார் சமைத்தது என்று கேட்டார்.

"எங்கட மருமகள்தான். ஞாயிற்றுக்கிழமை முழுகிப்போட்டு, சைவச் சட்டியில செய்து பெட்டியில வைச்சது. யோசிக்காமல் சாப்பிடுங்கோ."

வேறு யாராவது என்றால் ஐந்து நாள் பழைய கறி என்பதை வந்தவர்களிடம் மறைத்திருப்பார்கள். மாமி அதைத் தலைநிமிர்ந்து சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மிளகாய்ப் புகை என்று சமாளித்தேன்.

எல்லாரும் சாப்பிட்டு முடிய மாமியும் உட்கார்ந்தார். நான் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பூசணிக்காய் வை என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். படிப்பிப்பதற்காக மேடையேறிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் நீ வாழ்க்கையில் எதில் வென்றாய் என்று யாராவது கேட்டால், மாமி நீட்டிய அந்தக் கோப்பைதான் முதலில் என் நினைவுக்கு வருகிறது.