இரண்டு கதிரைகளிலும் அண்ணை

அண்ணை புத்தூரில், வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு ஆறு வருடங்களுக்குப் பிறகு தங்கையாக நான். இடையில் வேறு பிள்ளைகள் இல்லை. படித்து முடித்ததும் அண்ணை தபாற்கந்தோரில் சேர்ந்து, அச்சுவேலியில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணையின் மனைவி, என் மச்சாள், காலமானபின், பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு நானும் பழைய வீட்டுக்கே வந்துவிட்டேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அண்ணையின் நேர்மையை அறிவீர்கள். யுத்தகால இடப்பெயர்வின்போது கந்தோரில் தேங்கிக் கிடந்த கடிதங்களைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் தென்மராட்சிக்குக் கொண்டுபோய், உரியவர்களைத் தேடித் தேடிக் கொடுத்தவர் அவர். அதை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுவது வீட்டுக்குள் நடந்தது.

அண்ணை தனியாகச் செஸ் ஆடுவார். கந்தோரில் அவரோடு ஆடிய நண்பர் கனடாவுக்குப் போனபின் தொடங்கிய பழக்கம். மேசையின் இரு பக்கமும் இரண்டு கதிரைகள். வெள்ளைக்கு ஒரு காயை நகர்த்திவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, மற்றக் கதிரையில் அமர்ந்து கறுப்புக்காக யோசிப்பார். பலகையைத் திருப்பி வைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"அது கள்ள விளையாட்டு. எழும்பி நடக்கேக்கை முந்தி யோசிச்சதை மறந்திட வேணும். இல்லாட்டி மற்றவனுக்குப் பொறி வைக்கேலாது."

"மறந்திடுவியளோ?"

"பழகினா எல்லாம் மறக்கலாம் பிள்ளை."

எங்கள் ஐயா எழுபத்திரண்டு வயதில் மறக்கத் தொடங்கினார். முதலில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்ததை, பிறகு அம்மாவை. ஒருநாள் பகலில் வீட்டைவிட்டு நடந்து, பருத்தித்துறை வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் நின்றவரை அண்ணைதான் கைபிடித்துக் கூட்டிவந்தார். வழிநெடுக, "தம்பி, நீர் ஆரின்ரை பிள்ளை?" என்று ஐயா அவரைக் கேட்டுக்கொண்டே வந்தாராம். இதை அண்ணை என்னிடம் ஒரேயொரு முறைதான் சொன்னார்.

தமக்கும் எழுபத்திரண்டு வயதானபோது அண்ணை ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். பின்னேரம் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, பலகையின் மேல் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைப்பார். விடியத் தேநீர் குடித்தபின், எந்தக் காய் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே சொல்வார். நான் எழுதிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிச் சரிபார்ப்பேன். "சரி" என்று நான் சொல்லும்வரை அவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று வருடங்களாக ஒரு பிழையும் வரவில்லை.

போன மாரியில் ஒரு பின்னேரம், அண்ணை கோயிலுக்குப் போயிருந்தபோது மழை பிடித்தது. யன்னலைச் சாத்த ஓடியபோது என் முழங்கை பெட்டியில் பட்டது. உள்ளே ஏதோ விழுந்தது. தூக்கிப் பார்த்தேன். ஒரு கறுப்புக் குதிரை சரிந்து கிடந்தது. அது நின்ற இடம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் அண்ணை, "கறுப்புக் குதிரை, ராணிக்கு நேர் முன்னாலை," என்றார். பெட்டியைத் தூக்கினேன். ராணிக்கு முன்னால் ஒன்றும் இல்லை. குதிரை ஒரு கட்டம் தள்ளி நின்றது.

அண்ணை அந்த வெறுங்கட்டத்தை விரலால் தொட்டார். பிறகு, "சரி. துவங்கிட்டுது," என்றார்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குதிரையைச் சரியான இடத்தில்தான் வைத்தேன் என்று நம்பினேன். அப்படியானால் பிழை அண்ணையுடையது. அதை நினைக்க எனக்கும் பயமாக இருந்தது.

அன்று முழுவதும் அவர் சமையலறை டின்களில் 'உப்பு', 'சீனி' என்று எழுதி ஒட்டினார். என் பெயரையும் உறவையும் ஒரு கடதாசியில் எழுதித் தம் சட்டைப்பைக்குள் வைத்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சந்தைக்குப் போனா கேற்றுக்கு ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வா. திறப்பு உன்னட்டை இருக்கட்டும். நான் அழுது கேட்டாலும் தராதை."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியைத் தட்டியதும், குதிரையைத் தூக்கி வைத்ததும் நான்தான், பிழையாக வைத்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையில் யாருடைய பிழை என்று எனக்கு இன்றும் தெரியாது.

அண்ணை என்னை உற்றுப் பார்த்தார். "உங்கடை பேப்பரிலை பிழை விட்டா அடுத்த நாளே திருத்தம் போடுவியள். சொந்த அண்ணனுக்கு மட்டும் மூண்டு நாளோ?" என்றார். பிறகு சிரித்தார். அன்று இரண்டு தரம் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டைப்பையிலிருந்த கடதாசியை மட்டும் எடுக்கவில்லை.

பங்குனியில் ஒரு விடிய அவர் சொன்ன இடத்தில் வெள்ளை ராணி இல்லை. அந்தப் பக்கமே யாரும் போகவில்லை. எனக்கு அது நிச்சயம்.

"நீ தட்டினியே?"

"ஓம் அண்ணை. கூட்டேக்கை பட்டிட்டுது."

"கண்ணைத் திறந்து கூட்டு."

அதன்பின் எல்லாப் பிழைகளும் என்னுடையவை ஆயின. இரண்டு காய்கள், ஐந்து காய்கள், பிறகு பாதிப் பலகை. "உன்னைக் கூட்ட விடுறதிலும் பார்க்க மாட்டை அவிட்டு உள்ளுக்கு விடலாம்," என்று நக்கலடிப்பார். நானும் சிரிப்பேன். எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருநெல்வேலியில் பார்த்த வைத்தியர், எனக்குத் தெரிந்ததையே சொன்னார். மேசையைச் சுற்றி நடக்கும் அண்ணை பாதி வழியில் நின்று, எந்தக் கதிரைக்குப் போவது என்று தெரியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கறுப்புப் பக்கம் இருந்தபடி எதிர்க் கதிரையைக் காட்டி, "உவன் எங்கை போயிட்டான்? உவன்ரை முறையெல்லே?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் பயந்திருந்தார்.

ஆவணியில் ஒரு விடிய, நான் பெட்டியைத் தூக்கப் போனபோது அதன்மேல் தம் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"விடு பிள்ளை. தூக்காதை. இன்னும் எத்தினை பொய்தான் சொல்லப்போறாய்?"

நான் தூக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணை ஆடவும் இல்லை. இரண்டு கிழமையின் பின் காய்ச்சலில் படுத்தார், எழும்பவில்லை. கடைசி நாட்களில் என்னிடம் மிகுந்த மரியாதையோடு, "நீங்கள் ஆர் அம்மா?" என்று கேட்டார். கேட்ட ஒவ்வொரு தரமும் சொன்னேன்.

அண்ணையைத் தூக்கவும் கிடத்தவும் உதவிய பக்கத்து வளவுக்காரர், தம்மைக் கனடா நண்பரின் பெயரால் அண்ணை அழைத்தபோதெல்லாம் திருத்தாமல் "ஓம், வந்திட்டன்" என்று வந்து பக்கத்தில் இருப்பார். அவருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வீடு தேடி வந்த வைத்தியருக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும், தோள் கொடுத்த ஊரவர்களுக்கும் என் நன்றி.

வெளிநாடுகளிலிருந்து அழைத்து "அண்ணை எப்பிடி?" என்று கேட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். "நல்ல ஞாபகத்தோடை இருக்கிறார்" என்று உங்கள் எல்லோருக்கும் சொன்னேன். அது பொய். தொலைபேசி அண்ணையின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் தம் கைகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.