நீலம் ஏறிய வெள்ளிக்காசு

சல்லிக் கிராமத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவரின் மூத்த மகன் வெளிநாடு போகவென்று படகேறிப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அந்தப் படகு எந்தக் கரையைத் தொட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலை அவனுடைய தாய் என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

“ரீச்சர், பிள்ளை இருக்கிறான்.”

பொத்திய கையைத் திறந்து மேசையில் ஒரு காசை வைத்தாள். வெள்ளைக்காரன் காலத்து ஐம்பது சத வெள்ளிக்காசு. மேலே நூல் கோக்க ஒரு துளை. விளிம்பில் நீலம், உள்ளே ஊதா, நடுவில் பொன்னிறம்.

மகனிடம் இருந்ததும் இப்படியொன்றுதான். நான் பழைய காசு சேர்ப்பவள் என்று தெரிந்து முன்னொருநாள் கொண்டுவந்து காட்டினான். மட்டைப் பெட்டியொன்றில் பல காலம் கிடந்து தானாக நிறமேறியிருந்தது. தேய்த்துக் கழுவிவிடாதே என்று சொல்லி, படமும் எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவன் அதில் துளை போட்டுக் கறுப்பு நூலில் கழுத்தில் கட்டிக்கொண்டான். அவனைக் காணவில்லை என்று தங்கை முகநூலில் போட்டபோது அந்தப் படத்தையும் சேர்த்து, கழுத்தில் இந்தக் காசு கட்டியிருப்பான் என்று எழுதியிருந்தாள்.

இப்போது கொழும்பிலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறார். பிள்ளை வெளிநாட்டு முகாமொன்றில் இருக்கிறான், அடையாளத்துக்குக் காசைத் தந்துவிட்டான், வெளியே எடுக்கச் செலவாகும் என்றாராம். தகப்பன் தன் மீன்பிடி வள்ளத்தை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

“அவன்ட காசுதானே, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள்தானே படம் எடுத்தனீங்கள்.”

படம் என் பழைய போனோடு போய்விட்டது. முகநூலில் இருந்தது மங்கல். ஆனால் அவள் கொண்டுவந்த காசின் ஆண்டும் நிறங்களும் அந்தப் படத்தில் இருந்தபடியே இருந்தன. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனேன்.

தானாக ஏறும் நிறம் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே வரும். ஒரு நிறம் முடிந்து மற்றது தொடங்கும் இடம் தெரியாது. சரித்துப் பிடித்தால் நிறத்துக்கு அடியிலிருந்து வெள்ளி மினுங்கும். இதில் நீலம் திட்டாக நின்றது; மையம் மினுங்காமல் செத்துக் கிடந்தது. புதிய கீறல்களுக்குள்ளும் அதே நீலம். மூக்கருகே கொண்டுபோனேன். கந்தக நெடி இலேசாக இருந்தது.

அதைவிடவும் ஒன்று. கழுத்தில் கிடக்கிற காசு சேர்ட்டில் உரசும். தகப்பனோடு மீன் கொண்டுவந்த நாட்களில் அவன் காசில் அரசனுடைய மூக்கும் கன்னமும் நிறம் தேய்ந்து வெள்ளையாகியிருந்ததை நானே கண்டிருக்கிறேன். இந்த அரசனுக்கு மூக்கு நுனிவரை நீலம். படத்தைப் பார்த்து யாரோ பூசியிருக்கிறார்கள். பிள்ளை அதைக் கழுத்தில் கட்டித் திரிந்த காலம் படத்தில் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கதிரை நுனியில் இருந்தாள்.

“இது அவன்ட இல்லை. மருந்து போட்டு நிறம் ஏத்தியிருக்கு.”

“வடிவாப் பாத்தீங்களோ?”

“ஓம்.”

“அப்ப அவன் இல்லை எண்டோ சொல்லுறீங்கள்?”

“அப்பிடிச் சொல்ல ஏலாது. காசு பொய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவள் அழவில்லை. காசை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழும்பினாள். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். கேட்காமலே போய்விட்டாள்.

அன்று பின்னேரம் தகப்பன் அந்த ஆளுக்குப் போன் எடுத்து, மகனோடு ஒரு சொல் கதைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிறகு அழைக்கிறேன் என்றவரின் நம்பர் அதன்பின் வேலை செய்யவில்லை. பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள். வள்ளம் தப்பியது.

அடுத்த கிழமை தகப்பன் மீனோடு வந்தபோது கேட்டேன், பிள்ளையின் தாய் எப்படி இருக்கிறா என்று.

“சமைக்கிறாள், சாப்பிடுறாளில்லை. அந்தக் காசைக் கழுத்தில போட்டிருக்கிறாள், ரீச்சர்.”

“பொய்க் காசு எண்டு தெரிஞ்சுமோ?”

அவர் தராசில் மீனை வைத்தபடியே சொன்னார்: “அந்த ஆள் கள்ளன்தான். ஆனா என்ட பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டு சொன்ன ஒரே ஆள் அவன்தானே.”

மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அதன்பிறகு அந்தத் தாய் என் வீட்டுப் படி ஏறவில்லை. அவன் ஏறிப்போன படகைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.