ஒன்பது வாளி மழை

எங்கள் விறாந்தையில் பதினான்கு ஓர்க்கிட் செடிகள் தொங்கின. அவற்றில் ஒன்பது செத்துப்போயின. இந்த இரண்டு எண்களையும் நான் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை.

செடிகள் என் மனைவிக்காக வாங்கியவை. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவளால் விறாந்தையைத் தாண்ட முடியவில்லை. கதிரையில் இருந்தபடி பார்க்க ஏதாவது வேண்டும் என்று வவுனியாவிலிருந்து பஸ்சில் கொண்டுவந்தேன். மூன்று பயணத்தில் நான்கு நான்காக, கடைசிப் பயணத்தில் இரண்டு.

அடுத்த வளவில் இருப்பவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஓவசியர். எனக்கு முந்தியே ஓர்க்கிட் வளர்த்தவர். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற சனம் அவருடைய வாசல் படலையில் நின்று பூவைப் பார்த்துவிட்டுத்தான் போகும். தண்ணீரோடு காலம் கழித்த மனிதர் என்பதால், செடிக்கு என்ன தண்ணீர் நல்லது என்று அவரிடமே கேட்டேன். நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் ஒரே பதில்தான்.

“கிணத்துத் தண்ணிதான் மாஸ்டர். வேறென்ன, பன்னீரே ஊத்துறது?”

எங்கள் கிணற்று நீரின் குணம் எனக்குத் தெரியாததல்ல. மாதம் ஒருமுறை, தேத்தண்ணிக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் கட்டிய வெள்ளைப் படையைக் கரண்டியால் சுரண்டுகிறவன் நான். அப்படியிருந்தும் அவருடைய பேச்சை நம்பினேன். இரண்டாம் மாதத்தில் இலை நுனிகள் கருகின. வேர்களில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை படிந்தது. கிருமியாக இருக்கும் என்று நினைத்து, நோயாளிக்குக் கொடுப்பதுபோல அதே நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினேன். கொதித்தால் கிருமி சாகும், நீரில் கரைந்த உப்பு எங்கே போகும்? பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மனிதன் செய்கிற வேலையா அது? ஒன்பதாவது செடி போன அன்று மனைவி தன் கதிரையைத் தெருப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள்.

மாரி தொடங்கிய கிழமை வேலிக்கு மேலால் பார்த்தேன். ஓவசியர் ஏணியில் நின்று, மழைநீர் வடிகிற கூரைப் பீலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்து மீள்குடியேறியபோது வீட்டோடு சேர்த்து எங்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு மழைநீர்த் தொட்டி கட்டித் தந்திருந்தார்கள். மழைத் தண்ணீரில் ருசியில்லை என்று அநேகர் அதைத் தொடவில்லை. என்னுடைய தொட்டியில் சிரட்டை கிடந்தது. ஓவசியர் முதல் மூன்று மழையையும் கூரைத் தூசியோடு வெளியே ஓடவிட்டு, நான்காவது மழையைத் தொட்டிக்குள் எடுத்தார். மறுநாள் காலை அந்த நீரைத்தான் ஓர்க்கிட்டுக்குத் தெளித்தார். சந்தேகம் வேண்டாம் என்று பதினொரு காலை நின்று எண்ணினேன். பதினொரு காலையும் மழைநீர்.

அவரிடம் போய் ஒன்றும் கேட்கவில்லை. என் தொட்டியிலிருந்து ஏழு சாக்குச் சிரட்டையை அள்ளினேன். தேய்த்துக் கழுவினேன். அவர் செய்ததை அப்படியே செய்தேன். தை பிறக்கும்போது மிஞ்சிய ஐந்து செடிகளிலும் பச்சை நுனியோடு புது வேர் விட்டிருந்தது. பங்குனியில் இருபத்துமூன்று பூ. கதிரை மறுபடி உள்பக்கம் திரும்பியது.

ஆவணியில் ஓவசியரின் தொட்டி அடியில் வெடித்து, இருந்த நீரெல்லாம் ஒரே நாளில் மண்ணுக்குள் போய்விட்டது. ஐப்பசி வரை மழைக்கு வழியில்லை. ஒரு பிளாஸ்டிக் கானோடு வேலியடிக்கு வந்து, செடிக்குக் கொஞ்சம் மழைநீர் தரமுடியுமா என்று கேட்டார். கானை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கிணற்றில் நிரப்பிக் கொடுத்தேன். மழைத் தண்ணிதான் என்றும் சொன்னேன். அடுத்த கிழமையும் அதையே கொடுத்தேன். மூன்றாம் கிழமை அவர் கானைக் கொண்டுவரவில்லை. நான் கொடுத்த நீரைக் கொதிக்கவைத்துப் பார்த்த புதுக் கேத்திலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து வேலிக்கு மேலால் நீட்டினார்.

“மாஸ்டர், உங்கட மழைக்குக் கேத்திலிலை வெள்ளை பிடிக்குது.”

“என்ர ஒன்பது செடியின்ர வேரிலையும் இதே வெள்ளைதான் பிடிச்சது. நீங்கள் சொன்ன கிணத்துத் தண்ணி.”

அவர் கேத்திலின் மூடியைப் போட்டார்.

“எல்லாற்ற வீட்டிலையும் பூத்தால், என்ர படலையிலை ஆர் வந்து நிப்பினம்?”

விறாந்தையில் இருந்த மனைவிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

“இஞ்சாருங்கோ, குடுத்து விடுங்கோ. அந்தச் செடியள் உங்களுக்கு என்ன செய்தது?”

கொடுக்கச் சம்மதித்தேன். ஆனால் எப்படிக் கொடுப்பது என்பதை நான்தான் தீர்மானித்தேன். சனிக்கிழமைக்கு ஒரு வாளி, உண்மையான மழைநீர். வேலியால் வாங்கக்கூடாது, படலையால் வரவேண்டும். என்னிடம் கேட்கக்கூடாது, ஐந்து செடிகளுக்குக் கீழே இருக்கும் அவளிடம் கேட்கவேண்டும். ஒன்பது சனிக்கிழமை. செத்த செடி ஒன்றுக்கு ஒரு தடவை.

போன சனியோடு ஆறு முடிந்தது. ஒவ்வொரு தடவையும் வெறும் வாளியோடு நின்று, தலையைக் குனிந்து கேட்கிறார். அவரிடம் எத்தனை செடி மிச்சம் என்று அவள் விசாரிக்கிறாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்கிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் போடுகிறவன் நான்; கிணற்று நீரில்தான் போடுகிறேன்.

இன்னும் மூன்று சனி இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் கடல் பக்கம் மேகம் கறுத்திருந்தது. இரண்டு தடவை முற்றத்துக்கு இறங்கிப் பார்த்தேன். மூன்று கிழமை பொறுத்துப் பெய்யட்டும்.