ஏழாவது கோட்டை

எனக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். சந்தனம் உரசும்போதெல்லாம், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கூடவே வருகிறது எனக்கு. அது எங்கள் வீட்டு ‘டிவி கேம்’ பெட்டியின் வாசனை. கையெழுத்துப் போடவும் பஸ் பலகை படிக்கவும் போதுமான எழுத்துதான் எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல, கடைசி மகன் முருகேசனின் மகள், என் பேத்தி கவிதா எழுதுகிறாள்.

மார்டள்ளி கிராமத்திலிருந்து கொத்தனார் வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டினேன். ஒரு வருடம் தசரா பொருட்காட்சியில் கடைக்குட்டி முருகேசன் தரையில் புரண்டு அழுது வாங்கிய பெட்டி அது. கூடவே ஒரு மஞ்சள் கேசட். அடுப்பை ஊதுவதுபோல் அதை ‘உஃப்’ என்று ஊதித்தான் செருகுவார்கள். குட்டி வீரன் ஒருவன் பள்ளம் தாண்டி, நெருப்புத் தாண்டி, ஏழு கோட்டைகளைக் கடக்க வேண்டும். அவனுக்கு மூன்று ‘லைஃப்’. மூன்றும் போனால் மறுபடி முதல் கோட்டை. ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கலாம், ஆனால் சுவிட்சை அணைத்தால் எல்லாம் போச்சு.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் நானும் ஆடுவேன். பத்தி உருட்டிய விரல் அல்லவா, மூன்றாவது கோட்டை வரை போயிருக்கிறேன். எங்கள் சந்தில் வேறு எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூசை அன்று காலை, முருகேசன் முதல்முறையாக ஏழாவது கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான். கையில் ஒரே ஒரு ‘லைஃப்’. அந்த நேரம் பார்த்து அவன் அப்பா பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டார். ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தான்.

“யாரும் தொடக்கூடாது. நீயுந்தாம்மா!”

“நான் எதுக்குடா தொடறேன்? பொரி கலக்கற வேலை கிடக்குது. போ சாமி.”

“சத்தியமா?”

“பெத்தவகிட்டயே சத்தியம் கேக்கறான் பாரு!”

சைக்கிள் தெருமுனை தாண்டியிருக்காது, நான் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். ஒரே ஒரு எட்டு. இரண்டாவது தாண்டலில் வீரன் பள்ளத்தில் விழுந்தான், திரை கறுத்தது. எத்தனை நேரம் அப்படியே இருந்தேனோ, சந்தில் சைக்கிள் மணி கேட்டது. சட்டென்று சுவிட்சை அணைத்து, கேசட்டை உருவி, கரைத்து வைத்திருந்த சந்தனத்தைப் பெட்டிக்கும் கேசட்டுக்கும் ஈரமாக அப்பி, குங்குமமும் வைத்தேன்.

“ஆயுத பூசை அன்னைக்கு ஆயுதம் ஓடலாமா? உங்கப்பா கொத்துக் கரணை ஓடுதா? என் பத்திப் பலகை ஓடுதா?”

“அது ஆயுதம் இல்லம்மா, கேமு!” பையன் தேம்பித் தேம்பி அழுதான்.

“சும்னே அழாதடா. அம்மா செஞ்சா சரியாத்தான் இருக்கும்,” என்றார் அவன் அப்பா, பாதிக் கன்னடத்தில்.

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. பையன் அன்று பொரியைத் தொடவில்லை. மறுநாள் போட்டுப் பார்த்தால் திரையில் வெறும் கோடுகள். கேசட்டின் பல்லிடுக்கில் எல்லாம் சந்தனம். அந்த ஆட்டம் அதற்குப்பிறகு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தப் பெட்டியும் இல்லை, அதன் வயரைச் செருக இன்றைய டிவியில் ஓட்டையும் இல்லை. கேசட் மட்டும் என் தகரப் பெட்டியில், காய்ந்த சந்தனத்தோடு கிடக்கிறது. முருகேசன் அந்த ஆட்டத்தைப் போனில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “அந்த வீரன் இவன் இல்லம்மா,” என்பான். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும், “எங்கம்மாவுக்கு பக்தி ஜாஸ்தி, அதான் ஏழாவது கோட்டைய நான் பாக்கவே இல்ல,” என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். நானும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

அது பக்தி இல்லை, முருகேசா. ஆசை. உள்ளே நீல நிறச் சுவர், வரிசையாக விளக்குகள், தூரத்தில் ஒரு சின்னக் கதவு. நான் பார்த்தது அவ்வளவுதான்.

போதும், கவிதா. இப்ப மேலேருந்து ஒருதரம் படி கண்ணு. கூடத்துல உங்கப்பன் இருக்கான், சத்தமாவே படி.